எருமைகள் இறங்காத ஏரி

கருங்கல்லிலிருந்து திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் போய், அங்கிருந்து கன்னியாகுமரி பஸ் பிடிக்கிறவர்கள் எல்லோரும் சுசீந்திரம் குளத்தைப் பார்த்திருப்பார்கள். தை மாதம் என்றால் நாரையும் கூழைக்கடாவும் தண்ணீரில் நிற்கும். 2022 ஆகஸ்டில் இந்தக் குளமும் பக்கத்திலுள்ள தேரூர் குளமும் சேர்த்து 'சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம்' என்ற பெயரில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டு நம் மாவட்டத்தின் வேம்பனூர் குளமும் சேர்ந்தது. ஒரே மாவட்டத்தில் இரண்டு!

ராம்சார் என்பது ஈரான் நாட்டிலுள்ள ஓர் ஊர். உலகத்தின் முக்கியமான ஈரநிலங்களைக் காப்பாற்றுவதற்கான ஒப்பந்தம் 1971ல் அங்கே கையெழுத்தானது. குளம், ஏரி, சதுப்பு, காயல், உப்பளம் எல்லாமே ஈரநிலம்தான். தமிழ்நாட்டில் 2002ல் கோடிக்கரைக்கு இந்த அந்தஸ்து கிடைத்தது. அதன்பிறகு இருபது வருடம் வேறு எதுவும் கிடைக்கவில்லை. 2022லிருந்து மளமளவென்று சேர்ந்து, 2025 தொடக்கத்தில் எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. இந்திய மாநிலங்களில் இதுதான் அதிகம்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பட்டியலில் பெயர் சேர்ந்ததால் மட்டும் ஒரு குளம் பிழைத்துவிடாது. அந்தத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும். அப்படி அளக்கிறவர்கள் யார்? அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஆய்வு முடிந்தபிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் நாஞ்சில் நாட்டிலிருந்து ரொம்ப தூரம், ராஜஸ்தான் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஓர் ஈரநிலத்தைப் பத்து வருடம் விடாமல் அளந்த கதை அங்கேதான் நடந்தது.

டாக்டர் பட்டம் வாங்கினாலும் தற்காலிகம்தான்

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒருவர் பி.எச்.டி. முடித்து 'டாக்டர்' ஆகிவிட்டால் உடனே வேலை கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அறிவியல் துறையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவே சில வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களில் ஏதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த முறையில் வேலை பார்ப்பார்கள். இதைத்தான் வெளிநாடுகளில் 'போஸ்ட் டாக்' என்கிறார்கள். திட்டம் இரண்டு வருடம் என்றால் வேலையும் இரண்டு வருடம். பணம் நின்றால் ஆளும் கிளம்ப வேண்டியதுதான்.

இயற்பியலோ வேதியியலோ என்றால் இது ஓரளவு சமாளிக்கக்கூடியது. ஆய்வகத்தில் ஒரு சோதனையைச் சில மாதங்களில் முடித்துவிடலாம். ஈரநிலம் அப்படி இல்லை. ஒரு குளம் ஒரு வருடம் நிரம்பும், அடுத்த வருடம் காயும், அதற்கடுத்த வருடம் கரை உடையும். இரண்டு வருடக் கணக்கை வைத்துக்கொண்டு 'இந்தக் குளம் இப்படித்தான்' என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்தது பத்து மழைக்காலத்தையாவது பார்க்க வேண்டும். குளத்தின் கால அளவு ஒன்று, ஆய்வாளரின் ஒப்பந்த கால அளவு இன்னொன்று. சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

மகாராஜாவின் வாத்து வேட்டைக் குளம்

ராஜஸ்தானின் பரத்பூர் நகரத்தை ஒட்டி கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். பார்க்க இயற்கையான சதுப்பு போல இருந்தாலும், நம்மூர்க் குளங்கள் மாதிரியே மனிதன் கட்டிய கரைகளால் உருவானதுதான். பள்ளமான அந்த நிலத்துக்கு அஜான் பந்த் என்ற அணையிலிருந்து மழைக்காலத்தில் தண்ணீர் விடுவார்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றி, கோடையில் சில குட்டைகள்தான் மிஞ்சும்.

பரத்பூர் மகாராஜாக்கள் இதை வாத்து வேட்டைக்காக வளர்த்தார்கள். 1938ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். 1956ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. 1981 அக்டோபரில் இந்தியாவிலிருந்து ராம்சார் பட்டியலில் முதன்முதலாகச் சேர்ந்த இரண்டு இடங்களில் இது ஒன்று. மற்றொன்று ஒரிசாவின் சிலிகா ஏரி. 1985ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்தது. மேற்கு சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் வெள்ளை நிற சைபீரியக் கொக்குகளுக்கு இந்தியாவில் மிஞ்சியிருந்த புகலிடமும் இதுதான்.

இந்த இடத்தில் 1980ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. பின்னால் இருந்தவர் பறவையியலாளர் சலீம் அலி. களத்தில் பொறுப்பேற்று நடத்தியவர் வி.எஸ். விஜயன். இவர் ஏற்கெனவே தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர். கோடிக்கரையில் சின்னான் குருவிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து 1975ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். கோடிக்கரையின் முள்காட்டில் தொடங்கிய ஒருவரின் வாழ்க்கை அடுத்த பத்து வருடங்களுக்குப் பரத்பூர் தண்ணீருக்கு மாறியது.

கோதுமை விற்ற பணம்

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் சுவாரசியமாக இருக்கும். பத்து வருட ஆய்வுக்கான பணம் எங்கிருந்து வந்தது?

1950களிலும் 60களிலும் இந்தியாவில் உணவுப் பற்றாக்குறை. அமெரிக்கா 1954ல் போட்ட ஒரு சட்டத்தின் கீழ் (இதைத்தான் பி.எல். 480 என்பார்கள்) இந்தியாவுக்குக் கோதுமை கொடுத்தது. இந்தியாவிடம் டாலர் கிடையாது. அதனால் விலையை ரூபாயிலேயே வாங்கிக்கொண்டார்கள். அந்த ரூபாயை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் என்ன செய்வது? இந்தியாவுக்குள்ளேயே கணக்கில் குவிந்துகொண்டே போனது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் கொடுத்து அதில் பெரும்பகுதியைத் தீர்த்தார். அப்போது அதுதான் உலகத்தின் மிகப்பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

மிச்சம் வைத்துக்கொண்ட ரூபாயை அமெரிக்க அரசுத் துறைகள் இந்தியாவுக்குள் பல வேலைகளுக்குச் செலவழித்தன. அமெரிக்க நூலகங்களுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கப்பட்டதுகூட இந்த பி.எல். 480 கணக்கில்தான். அதேபோல் அமெரிக்காவின் மீன் மற்றும் வனவிலங்குத் துறை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது. பரத்பூர் ஆய்வும், கோடிக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் ஆய்வும் அப்படி நடந்தவை. நம் தாத்தா பாட்டி ரேஷன் கடையில் வாங்கிய கோதுமையின் விலை, சுற்றிச் சுழன்று, பரத்பூரில் தண்ணீர் அளந்த இளைஞர்களின் சம்பளமானது!

அந்த இளைஞர்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரின் வேதியியல் ஒருவருக்கு, நீர்த் தாவரங்கள் ஒருவருக்கு, மீன் ஒருவருக்கு, ஆமையும் மலைப்பாம்பும் ஒருவருக்கு, பூச்சிமருந்து எச்சம் ஒருவருக்கு. தண்ணீர் ஆழம், வெப்பம், கலங்கல், அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், மிதக்கும் நுண்ணுயிர்கள் என்று மாதாமாதம் அதே இடங்களில் அளந்தார்கள். கேட்க அலுப்பூட்டும் வேலை. ஆனால் அந்த அலுப்பூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு பெரிய சம்பவம் நடந்தது.

1982 நவம்பர்

சுற்றியுள்ள கிராமங்களின் எருமைகளும் மாடுகளும் தலைமுறை தலைமுறையாகப் பரத்பூர் ஏரிக்குள் மேய்ந்து வந்தன. எண்ணிக்கை ஆயிரங்களில். பறவைகளுக்கான இடத்தில் மாடுகளுக்கு என்ன வேலை, மேய்ச்சலால் ஏரி கெடுகிறது என்பதுதான் அன்றைய இயற்கை ஆர்வலர்களின் பொதுக் கருத்து. சலீம் அலியும் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்ற பக்கம்தான் இருந்தார்.

1982ல் ஏரி தேசியப் பூங்காவாக ஆனது. இங்கே சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தில் மேய்ச்சலைக் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவில் அனுமதிக்கவே முடியாது. அந்த நவம்பரில் மாடுகள் உள்ளே வரக்கூடாது என்று தடை வந்தது. கிராமத்தார் எதிர்த்தார்கள். கைகலப்பு போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. கிராமத்தார் சிலர் உயிரிழந்தார்கள். ஒரு பறவைகள் பூங்காவுக்காக மனிதர்கள் செத்தார்கள் என்பது இந்திய இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு கறுப்புப் பக்கம்.

சுவர் எழுப்பியாகிவிட்டது, எருமை வெளியே போய்விட்டது. இனி பறவைகள் பெருகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

தண்ணீருக்குள் நடந்தது

நடந்தது நேர்மாறு. பாஸ்பாலம் என்ற ஒரு தண்ணீர்ப்புல் ஏரியில் வளர்வதுண்டு. அதுவரை எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அதைத் தின்று வந்தன. பசுமாடு கரையோரத்தில் மேய்ந்துவிட்டுப் போய்விடும், எருமைதான் ஆழத்துக்குள் இறங்கும். தின்ன ஆளில்லாமல் போனதும் புல் மண்டியது. பாய் விரித்த மாதிரி தண்ணீரை மூடியது.

மூடினால் என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாத்தும் நாமக்கோழியும் இறங்கி நீந்துவதற்குத் திறந்த தண்ணீர் வேண்டும், அது குறைந்தது. புல்லுக்கு அடியில் வெளிச்சம் போகாததால் நீருக்குள் முளைக்கும் மற்ற செடிகள் நசிந்தன. அந்தச் செடிகளும் கிழங்குகளும் பல பறவைகளின் உணவு. செத்த புல் தண்ணீருக்குள் அழுகும்போது அங்கே கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால், அதை நம்பி மரங்களில் கூடுகட்டும் நாரைக்கும் கொக்குக்கும் குஞ்சு வளர்க்க முடியாது. ஒரு எருமை வெளியே போனதன் விளைவு கூட்டிலிருக்கும் குஞ்சின் வாய்வரை போய்ச் சேர்கிறது.

இதையெல்லாம் ஊகமாகச் சொல்லியிருந்தால் யாரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். தடைக்கு முன்னால் இரண்டு வருடக் கணக்கு, பின்னால் எட்டு வருடக் கணக்கு, இரண்டும் அவர்கள் கையில் இருந்தன. சலீம் அலி, விஜயன் இருவர் பெயரிலும் 1986ல் ஐந்தாண்டுச் சுருக்க அறிக்கை வந்தது. 1987ல் சலீம் அலி காலமானார். 1991ல் விஜயன் எழுதிய இறுதி அறிக்கை, எருமை அந்த ஈரநிலத்தின் ஒரு பகுதி, கட்டுப்பாட்டோடு மேய விடுவது நல்லது என்று சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது அவர்களுடைய நேர்மை. மேய்ச்சலை நிறுத்தச் சொன்னவர்களின் பக்கம் நின்ற நிறுவனமே சம்பளம் கொடுத்த ஆய்வு இது. வழிகாட்டியின் கருத்துக்கு எதிராக முடிவு வந்தது. அதை மறைக்காமல் அச்சிட்டார்கள். ஆனாலும் எருமைகள் திரும்பவில்லை, சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துக்கொண்டு போக அனுமதி கொடுத்தார்கள். எருமை செய்த வேலையை அரிவாள் செய்தது, பாதி அளவுக்கு.

1990ல், அபாயத்தில் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சாரின் தனிப் பதிவேட்டில் பரத்பூர் சேர்க்கப்பட்டது. பிறகு வேறு கஷ்டங்களும் வந்தன. 2004ல் பாஞ்சனா அணைத் தண்ணீரைப் பூங்காவுக்கு விடக்கூடாது என்று விவசாயிகள் எதிர்த்ததால் ஏரி வறண்டது. 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு சைபீரியக் கொக்கு பரத்பூருக்கு வரவே இல்லை. இதற்கு வழியில் நடந்த வேட்டை போன்ற காரணங்களும் உண்டு.

ஆய்வு முடிந்தது, ஆட்கள்?

1990ல் திட்டம் முடிந்தது. இனி என்ன? சாதாரணமாக இங்கே கதை முடிந்துவிடும். ஆளுக்கொரு திசையில் வேலை தேடிப் போயிருப்பார்கள், அறிக்கை அலமாரியில் தூங்கியிருக்கும்.

பரத்பூர்க்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. அதே 1990ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆதரவில் 'சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம்' தொடங்கப்பட்டது. சுருக்கமாக சாகான். கோயம்புத்தூர் பக்கம் ஆனைகட்டியில் இருக்கிறது. முதல் இயக்குநர் விஜயன். ராஜஸ்தான் ஏரியில் தண்ணீர் அளந்த பலர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒவ்வொருவராகப் பார்த்தால்தான் பரத்பூர் எவ்வளவு பெரிய பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது என்பது புரியும்.

எஸ். முரளிதரன் பூச்சிமருந்தை ஆராய்ந்தவர். 1987க்கும் 1990க்கும் இடையில் பூங்காவில் 18 சாரஸ் கொக்குகள் செத்துக் கிடந்தன. சுற்றுவயல்களில் பயன்படுத்திய ஆல்ட்ரின் என்ற மருந்துதான் காரணம் என்று உடல் எச்சங்களைச் சோதித்து 1993ல் எழுதினார். ஆல்ட்ரின் பின்னர் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. சாகானில் பறவைகளின் உடலில் சேரும் நஞ்சுகளை ஆராயும் பிரிவை அவர் வளர்த்தெடுத்தார். நாட்டில் எங்காவது பறவைகள் கூட்டமாகச் செத்தால் மாதிரிகள் அங்கே வரும் நிலை உருவானது.

பி.ஏ. அஜீஸ் தண்ணீரின் வேதியியலைப் பார்த்தவர். பின்னாளில் சாகானின் இயக்குநராகவே ஆனார்.

லலிதா விஜயன் பரத்பூரிலிருந்து வந்து அந்தமான் தீவுகளின் அரிய பறவைகள் வரை ஆராய்ந்தார். விஜயன், லலிதா, முரளிதரன் ஆகியோர் எஸ்.என். பிரசாத்துடன் சேர்ந்து 2004ல் இந்தியாவின் உள்நாட்டு ஈரநிலங்களில் எவற்றை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய அறிக்கையே தயாரித்தார்கள். ஒரு ஏரியில் கற்றதை நாடு முழுவதற்கும் விரித்தார்கள் என்று சொல்லலாம்.

எஸ். பூபதி மலைப்பாம்பும் ஆமையும் பார்த்தவர். சாகானுக்கு வந்தபிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளையும், மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்புகளையும் ஆராய்ந்தார். 2014ல் அகத்தியமலையில் கள ஆய்வின்போது நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். 2017ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு தவளைக்கும், 2018ல் ஒரு பாம்புக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே வாழும் தவளை அது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

விஜயன் ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. கேரள மாநில பல்லுயிர் வாரியத்தின் தலைவராக இருந்தார். 2010ல் மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். காட்கில் குழு அறிக்கை நம் மாவட்டத்து மலைகளையும் சேர்த்தே பேசியது என்பது நினைவிருக்கலாம்.

இதே நேரத்தில் இன்னொரு விதமான வாழ்க்கையும் உண்டு. எஸ். பாலச்சந்திரன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திலேயே இருந்து, கோடிக்கரையில் முப்பது வருடங்களுக்கு மேல் பறவைகளுக்கு வளையம் மாட்டியவர். கழகத்தின் துணை இயக்குநர் வரை உயர்ந்தார். கோடிக்கரைக்கு வரும் உள்ளான்கள் குறைந்துபோனதைப் பற்றி இன்று பேச முடிகிறது என்றால், ஒரே இடத்தில் ஒரே வேலையைத் தொடர்ந்து செய்த ஆட்கள் இருந்ததால்தான்.

ஒரே ஏரி, ஒரே மனிதர்

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் ஏரி. டபிள்யூ.டி. எட்மன்ட்சன் என்பவர் 1949ல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1932ல் லடாக் ஏரிகளை ஆராய வந்த ஹட்சின்சன் என்ற புகழ்பெற்ற ஏரி விஞ்ஞானியின் மாணவர் இவர். 1955ல் வாஷிங்டன் ஏரியில் ஒரு குறிப்பிட்ட பாசி தென்பட்டது. ஐரோப்பிய ஏரிகள் சாக்கடையால் கெடத் தொடங்கியபோது முதலில் வந்ததும் அதே பாசிதான். இப்படியே விட்டால் ஏரி நாறிப்போகும், சாக்கடையைத் திருப்பிவிட்டால் தெளியும் என்று எட்மன்ட்சன் சொன்னார். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுப் பணம் ஒதுக்கினார்கள். 1963லிருந்து 1968க்குள் கழிவுநீர் முழுக்கத் திருப்பப்பட்டது. 1970களில் ஏரி தெளிந்தது.

அவர் சொன்னது பலித்தது என்று எப்படித் தெரியும்? சாக்கடை நின்றபிறகும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை. அவருக்கு நிரந்தர வேலை இருந்தது, ஒவ்வொரு மூன்று வருடமும் 'அடுத்து எங்கே போவது' என்று கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பரத்பூரில் பத்து வருடத்தோடு நின்றது, வாஷிங்டன் ஏரியில் பல பத்து வருடங்கள் போனது. வித்தியாசம் ஒரு நிரந்தரச் சம்பளம்தான்.

நாஞ்சில் நாட்டுக் கணக்கு

இப்போது நம் குளங்களுக்கு வருவோம். பரத்பூர் போலவே இவையும் மனிதன் வெட்டியவை. நெல் வயலுக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டியவை. மாடு குளிப்பாட்டினார்கள், தாமரை பறித்தார்கள், மீன் குத்தகைக்கு விட்டார்கள், கோடையில் வண்டல் மண் அள்ளி வயலில் போட்டார்கள். இந்த வேலைகள் எல்லாம் சேர்ந்துதான் குளத்தைக் குளமாக வைத்திருந்தன. வயல்கள் வாழைத் தோட்டமாகவும் ரப்பர் தோட்டமாகவும் வீட்டு மனைகளாகவும் மாறியபிறகு குளத்தைத் தேடி யாரும் போவதில்லை. கருங்கல், புதுக்கடை பக்கம் இது கண்கூடு. தேவை போனதும் ஆகாயத்தாமரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பரத்பூரில் சட்டம் எருமையை வெளியேற்றியது. இங்கே யாரும் வெளியேற்றவில்லை, எருமை வளர்க்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

2015ல் சுசீந்திரம் தேரூர் மணக்குடி பகுதி பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, 2022ல் ராம்சார். இந்த இடங்களுக்கு இனி வேலி, நடைபாதை, பார்வைக் கோபுரம் என்று பணம் வரலாம். வணிகவியல் பாடத்தில் மூலதனச் செலவு, நடப்புச் செலவு என்று இரண்டு படிக்கிறோம். கோபுரம் மூலதனச் செலவு. ஒரு தடவை கட்டித் திறப்பு விழா நடத்திவிடலாம். மாதாமாதம் தண்ணீரை அளக்கிற ஆளின் சம்பளம் நடப்புச் செலவு. அதற்குத் திறப்பு விழா கிடையாது, அதனால்தான் யாருக்கும் ஆர்வமும் இருப்பதில்லை. ஆனால் கோபுரத்திலிருந்து பார்க்கப் பறவை வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது அந்த நடப்புச் செலவுதான்.

நம் மாவட்டத்துக்கு ஆள் பலம் இல்லாமல் இல்லை. கிர் காட்டில் பிணந்தின்னிக் கழுகுகளை ஆராய்ந்த ராபர்ட் குரூப், பம்பாய் நாட்களுக்குப் பிறகு நாகர்கோவிலில் இயற்கைச் சூழல் மீட்புக்கு ஒரு நிறுவனம் நடத்தினார். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஆர்.எஸ். லால் மோகன், 1990களில் பிரம்மபுத்திராவின் ஆற்று ஓங்கில்களைக் கணக்கெடுத்தவர், நாகர்கோவிலிலிருந்து நம் ஆறு குளங்களைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். வெளியே கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஆனால் அது தனிமனித ஆர்வம். ஒருவருக்கு வயதாகும்போது அதுவும் சேர்ந்து முடிந்துவிடும். ஆனைகட்டியில் நடந்ததுபோல ஒரு நிறுவனம் அடுத்த ஆளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சாகான்கூட 2023ல் இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015லிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் பலர் கலந்துகொள்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பறவை எண்ணிக்கை, கணக்குப் புத்தகத்தின் கடைசி வரி மாதிரி. லாபமா நஷ்டமா என்று அது சொல்லும். ஏன் நஷ்டம் என்பது உள்ளே இருக்கிற வரவு செலவில்தான் தெரியும். ஆழம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, எந்தச் செடி எத்தனை தூரம் மூடியிருக்கிறது, மீன் குத்தகை என்ன ஆனது, மாடு இறங்குகிறதா இல்லையா. மாவட்டத்தில் விலங்கியல், தாவரவியல், வேதியியல் துறைகள் உள்ள கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு கல்லூரி ஒரு குளம் என்று எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே அளவுகளை எடுத்து எழுதி வைத்தால் போதும். மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள், துறை இருக்கும், நோட்டுப் புத்தகம் இருக்கும். எருமையை வெளியே அனுப்பியது தப்பு என்று பரத்பூரில் நிரூபித்தது அப்படி மாதாமாதம் எழுதிய எண்கள்தான்.